திருவாரூர்க் கல்தேரும் தங்கவயல் நீதியும்

திருவாரூருக்குச் செல்லும் தமிழர் எவரும் தியாகேசரை வணங்கியபின், கோயிலின் மதிலுக்கு அருகே நிற்கும் கல்தேரைக் காணாது திரும்புவதில்லை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், அரசன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டதும் ஆகிய மனுநீதிச் சோழன் வரலாற்றை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அக்கதையில் என் உள்ளத்தை ஈர்ப்பது தேர்க்கால் அன்று, மணியே. வாயில்லா உயிரும் எட்டிப் பிடிக்கக்கூடிய உயரத்தில் அம்மணியைத் தொங்கவிட்டிருந்தான் அவ்வரசன். நீதி எவ்வளவு சிறந்ததாயினும், அதன் கயிறு முறையிடுவோன் கைக்கு எட்டவில்லையெனின் அது இருந்தும் இல்லாததே.

அதே திருவாரூரில், 1840களில், தாசில்தார் அலுவலகத்தைச் சுற்றி வந்த ஓர் ஏழைச் சிறுவன், பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலேயருக்குச் சமமாக அமர்ந்த முதல் இந்திய நீதிபதி ஆனான். அவரே சர் டி. முத்துசாமி ஐயர். தங்கவயல் மலருக்குத் தஞ்சைத் தரணியின் நீதிபதியைப் பற்றிய கட்டுரை எதற்கு என அன்பர்கள் வினவலாம். 1875ஆம் ஆண்டில் லவேல் என்னும் அயர்லாந்துக்காரர் கோலார்ப் பகுதியில் பொன் தேடும் உரிமை பெற்றார். 1878ஆம் ஆண்டில் முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்றம் ஏறினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு வந்தனர்; அதன் பின்னர் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக இம்மேட்டு நிலத்திற்கு ஏறி வந்தனர். ஒரு தமிழர் நீதியின் உச்சிக்கு ஏறிய அதே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான தமிழர் பூமியின் ஆழத்திற்கு இறங்கினர். அவர் அமர்ந்த மன்றத்திற்கும் இவர்கள் இறங்கிய சுரங்கத்திற்கும் சட்டப்படி ஒரு தொடர்பு இருந்தது. அத்தொடர்பை நம்மில் பலர் அறியார்.

முதலில் அந்த நீதிப் படிக்கட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். கும்பினி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் இருவகை நீதி நடந்தது. நகரத்தாருக்கும் வெள்ளையருக்கும் 1801இல் நிறுவப்பெற்ற சுப்ரீம் கோர்ட்டு. நாட்டுப்புறத்து மக்களுக்குச் சதர் அதாலத்து. முன்னதில் மன்னரின் நீதிபதிகள். பின்னதில் கும்பினியின் அலுவலர்கள். இவ்விரண்டையும் ஒன்றாக்கி 1862இல் உயர்நீதிமன்றம் எழுந்தது. அதற்கு வழிவகுத்த 1861ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்கினராவது பாரிஸ்டர்களாகவும், மூன்றில் ஒரு பங்கினராவது சிவில் சர்வீசுக்காரர்களாகவும் இருத்தல் வேண்டும் என்றது. எஞ்சிய இடங்களிலேயே கீழ்க் கோர்ட்டுகளில் ஐந்தாண்டு பணியாற்றிய சதர் அமீன்களுக்கும், பத்தாண்டு வழக்காடிய வக்கீல்களுக்கும் நுழையும் வழி. மேலும், தலைமை நீதிபதி பாரிஸ்டராகவே இருத்தல் வேண்டும். இந்த ஒரு விதியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

முத்துசாமி ஐயர் 1832ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, கிராமக் கணக்கருக்கு உதவியாளாகத் திங்களுக்கு ஒரு ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். தாசில்தார் முத்துசாமி நாயக்கரின் பார்வை அவர்மேல் விழுந்த விதத்தை வரலாற்றாசிரியர் சுவைபடக் கூறுவர். ஆற்றங்கரையில் உடைப்பு ஏற்பட்டதாகச் செய்தி வந்தது. அலுவலகத்தில் வேறெவரும் இல்லாமையால் இச்சிறுவனையே பார்த்து வரச் சொன்னார் தாசில்தார். சிறுவன் ஓடிச்சென்று, உடைப்பின் அளவு, அடைக்க வேண்டிய பொருள்கள், தேவையான ஆள்கள் எனக் கேட்ட வினாவுக்கெல்லாம் விடை கொண்டு வந்தான். நம்பாத தாசில்தார் பிறரைக்கொண்டு விசாரித்தபோது சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. அன்றுமுதல் அவர் கல்விக்கு நாயக்கர் துணையானார். நாகையில் பாதிரிமார் பள்ளி. பின்னர்ச் சென்னையில் பவல் துரையின் பள்ளி. தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்று இன்றுவரை பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை அவரைப் பற்றியதே. 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் ரூ. 500 பரிசு பெற்றார். ஒரு ரூபாய்ச் சம்பளக்காரச் சிறுவனுக்கு அது நாற்பது ஆண்டுச் சம்பளத்தையும் விஞ்சிய தொகை!

அதன்பின் படிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1856இல் தரங்கம்பாடி முன்சீப். பின்னர் டிப்டி கலெக்டர். 1865இல் மங்களூரில் சதர் அமீன். 1868இல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்டிரேட்டு. 1871இல், ஏறத்தாழ நாற்பதாம் வயதில், பி.எல். பட்டம், பிறகு சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதி.

மாஜிஸ்டிரேட்டாக இருந்தபோது நிகழ்ந்ததாக அவர் வரலாற்றில் கூறப்படும் ஒரு செய்தியை இங்கு விரித்துரைக்க விரும்புகிறேன். உயர்நீதிமன்றத்து வெள்ளை நீதிபதி ஒருவர் இந்தியன் ஒருவனை அடித்துவிட்டார். அடிபட்டவன் மாஜிஸ்டிரேட்டிடம் முறையிட்டான். துரையவர்களை நேரில் அழைக்காது விடலாமே எனத் தலைமை மாஜிஸ்டிரேட்டு யோசனை கூறினாராம். முத்துசாமி ஐயர் இணங்கவில்லை. நீதிபதிக்குச் சம்மன் சென்றது. சிறுதொகை அபராதமும் விதிக்கப்பட்டது. அபராதத்தின் அளவு இங்குப் பொருட்டன்று. அடித்தவர் குற்றவாளி என்று எழுதப்பட்டது. அதை எழுதியது ஒரு தமிழன் கை. சென்னைப் பட்டணத்தின் எல்லைக்குள் அன்று அது இயன்றது. பட்டணத்து எல்லைக்கு வெளியே, நாட்டுப்புறத்தில், இந்திய மாஜிஸ்டிரேட்டு ஒருவர் ஐரோப்பியரை இவ்வாறு விசாரிக்கச் சட்டம் இடந்தரவில்லை.

உயர்நீதிமன்றத்தில் ஹாலோவே என்னும் கூர்மதி படைத்த நீதிபதி இருந்தார். தமக்கு அருகில் சமமாக அமரத் தகுந்தவர் கீழ்மன்றங்களில் முத்துசாமி ஐயர் ஒருவரே என அவர் வெளிப்படையாகவே புகழ்ந்தார். எனினும் 1878இல் நியமனம் வந்தபோது சென்னையின் ஆங்கிலோ இந்தியப் பத்திரிகைகள் சீறின. சுதேசி ஒருவர் அப்பீடத்திற்குத் தகுதியற்றவர் என்பதே அவற்றின் கூச்சல். விடையிறுக்க இந்தியர் கையில் பத்திரிகை இல்லை. அந்த மனக்கொதிப்பில், ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் முதலிய ஆறு இளைஞர்கள், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' இதழைத் தொடங்கினர். அதே சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திர'னைத் தமிழில் கொணர்ந்தார். ஒரு நீதிபதியின் நியமனம் தென்னாட்டில் பத்திரிகைத் துறைக்கே வித்திட்டது என்பது வியப்பன்றோ?

உயர்நீதிமன்ற நீதிபதியின் பணி அந்நாளில் என்ன? கன்யாகுமரியை அடுத்த திருநெல்வேலிச் சீமை முதல் வடக்கே கஞ்சம் வரை பரந்த மாகாணத்தின் மேல்முறையீடுகள் அனைத்தும் அங்கே வந்தன. தத்து, பாகப்பிரிவினை, கோயில் உரிமை, ஜமீன் வாரிசு, இனாம் நிலம் என நம் குடும்ப வாழ்வின் சிக்கல்கள் எல்லாம் ஆங்கில மொழியில் அவிழ்க்கப்பட்டன. மாவட்ட செஷன்ஸ் நீதிபதி தூக்குத்தண்டனை விதித்தால், உயர்நீதிமன்றம் உறுதி செய்த பின்னரே அது நிறைவேறும். ஊர் வழக்கத்தையும் சாத்திரத்தையும் பிறப்பிலிருந்தே அறிந்த ஒருவர் அம்மேடையில் இருந்தது எத்துணைப் பயன் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1891இல் மலபார் திருமண முறைகளை ஆராய அமைந்த குழுவுக்கும் அவரே தலைவரானார். அவர் மறைந்தபின், 1896இல், மலபார்த் திருமணச் சட்டம் வந்தது.

இனி நம் மேட்டு நிலத்திற்கு வருவோம்.

1831 முதல் மைசூர் ஆங்கிலக் கமிஷனர்களின் ஆட்சியில் இருந்தது. 1881 மார்ச் 25இல் அது மீண்டும் உடையார் மரபிடம் ஒப்படைக்கப்பட்டது. 1884இல் பெங்களூரில் மைசூரின் தலைமை நீதிமன்றமாகச் 'சீப் கோர்ட்டு' ஏற்பட்டது. தங்கவயல் மைசூர் மண். ஆகவே இங்குள்ளார் வழக்கெல்லாம் மைசூர்க் கோர்ட்டுகளுக்கே உரியன என்று எண்ணுவோம். உண்மை அதுவன்று. நாட்டை ஒப்படைத்த ஆவணத்திலேயே ஒரு விதி இருந்தது: மைசூரில் வாழும் ஐரோப்பிய ஆங்கிலப் பிரஜைகள் மீதான குற்றவியல் அதிகாரம் கவர்னர் ஜெனரலிடமே இருக்கும், அவர் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மட்டுமே மகாராஜா அதனைச் செலுத்தலாம். சிறு குற்றங்களை, அவ்வதிகாரம் பெற்ற ஆங்கில அலுவலர் விசாரிப்பர். பெருங்குற்றமாயின் வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்திற்குப் போகும். முத்துசாமி ஐயர் அமர்ந்திருந்த அதே மன்றத்திற்கு!

ஆக, மாரிகுப்பத்திலோ உரிகத்திலோ ஒரே சுரங்கத்தின் ஒரே குகையில் நின்ற இருவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. மண்வெட்டி பிடித்த தமிழனுக்கு மைசூர் மாஜிஸ்டிரேட்டு. அவனை ஏவிய கார்ன்வால் மேஸ்திரிக்கு ஆங்கில அதிகாரம். தமிழன் குற்றஞ் செய்தால் விசாரணை கூப்பிடு தொலைவில். தமிழனுக்குக் குற்றம் இழைக்கப்பட்டால், அதுவும் பெருங்குற்றமாயின், விசாரணை சென்னையில். 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்திற்கு ரயில் வரும்வரை, அப்பேட்டைக்கே மாட்டுவண்டியில் போக வேண்டும். அங்கிருந்து ஜோலார்ப்பேட்டை வழியாகச் சென்னை. நாட்கூலி பெறும் ஒருவன் சாட்சி சொல்ல அத்துணைத் தொலைவு போவதெனில், அத்தனை நாள் அவன் வீட்டில் உலை எரியாது. உடன் வேலை செய்வோர் சாட்சிக்கு வருவரோ? வந்து திரும்பினால் வேலை இருக்குமோ? தங்கவயலின் லைன் வீடுகளில் முதியோர் 'துரை மேல கேஸா?' என்று கேட்டுச் சிரிப்பதை நான் இளமையில் கேட்டதுண்டு. அச்சிரிப்பின் பொருள் எனக்குச் சட்டம் படித்த பின்னரே விளங்கிற்று.

ஆங்கில ஆட்சிக்குள்ளேயும் நிலை பெரிதும் மாறுபட்டதன்று. ரிப்பன் பிரபு காலத்தில், 1883இல், இல்பர்ட் கொண்டுவந்த மசோதா, நாட்டுப்புறங்களிலும் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்றது. நாடெங்கும் வெள்ளையர் கொந்தளித்தனர். தோட்ட முதலாளிகள் அதில் முன்னின்றனர். இறுதியில் 1884இல் வந்த சட்டம் ஒருகையால் கொடுத்து மறுகையால் பறித்தது: இந்தியரான மாவட்ட மாஜிஸ்டிரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் விசாரிக்கலாம், ஆனால் குற்றம் சாட்டப்பட்ட ஐரோப்பியர், பாதிப்பேராவது ஐரோப்பியரோ அமெரிக்கரோ ஆகிய ஜூரியைக் கேட்டுப் பெறலாம். இவ்வேற்றுமைகள் 1923இல் குறைக்கப்பட்டன. விடுதலைக்குப்பின் 1949இல்தான் அடியோடு அகன்றன. உயர்நீதிமன்ற மேடையில் முத்துசாமி ஐயர் வீற்றிருந்த ஆண்டுகள் முழுவதும் இந்த இருமுறை நீதி நிலைத்திருந்தது. அவரால் அதை மாற்ற இயலாது. நீதிபதி சட்டத்தை ஆக்குபவர் அல்லர். ஆக்கியதைப் பொருள் உரைப்பவர். நாற்காலியை ஓர் இந்தியருக்கு அளித்த அரசு, சட்டத்தின் கடிவாளத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அதனை அவர் குறையாகக் கூறுவது நேர்மையாகாது. ஆனால் அவர் புகழைப் பாடும் நூல்கள் இதனை ஓரிரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம்.

தங்கவயலில் மற்றொரு பக்கமும் உண்டு. பொன் விளையும் நிலத்தில் பொன் திருட்டுக்கென்றே தனிக் கடுமை இருந்தது. சோதனைகள், காவற்படை, பதிவேடுகள் எனத் தொழிலாளி ஒவ்வொருவனும் திருடனாகவே முன்கூட்டி எண்ணப்பட்டான். 1930இல், தொழிலாளர் எல்லாரும் கைரேகை பதிந்து பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றபோது நம் முன்னோர் பொங்கி எழுந்தனர். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் ஓய்ந்தன. இறுதியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. எந்த வக்கீலும் எந்தக் கோர்ட்டும் பெற்றுத் தராத மானத்தை எழுத்தறியாத மக்கள் கைகட்டி நின்றே பெற்றனர்.

முத்துசாமி ஐயரிடம் மீள்வோம். 1892 ஜூலையில் இன்று நாம் காணும் செந்நிறக் கட்டடத்தில் உயர்நீதிமன்றம் குடியேறியது. மறு ஆண்டு, 1893இல், தலைமை நீதிபதி சர் ஆர்தர் காலின்ஸ் விடுப்பில் சென்றபோது, அவருடைய இடத்தில் முத்துசாமி ஐயர் தற்காலிகமாக அமர்ந்தார். சென்னையில் அப்பீடத்தை ஏற்ற முதல் இந்தியர் அவரே. கல்கத்தாவில் 1882இலேயே ரமேஷ் சந்திர மித்தர் அவ்வாறு அமர்ந்திருந்தார். இருவரும் தற்காலிகமே. நிலையாக அமர இயலாமைக்குக் காரணம் நான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன விதி: தலைமை நீதிபதி பாரிஸ்டராதல் வேண்டும். லண்டன் விடுதிகளில் விருந்துண்டு பட்டம் பெறாதவர், பதினைந்து ஆண்டுகள் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கினும், அம்மன்றத்தின் தலைமைக்குச் சட்டப்படி தகுதியற்றவர்! 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டமே அத்தடையை நீக்கியது. சென்னையில் நிலையான முதல் இந்தியத் தலைமை நீதிபதியாக பி. வி. ராஜமன்னார் 1948இல்தான் அமர்ந்தார். முத்துசாமி ஐயர் 1895 ஜனவரி 25இல் மறைந்தார். அவருடைய சலவைக்கல் சிலை உயர்நீதிமன்றத்தில் உள்ளது.

இனி, இம்மலரில் எழுதும்போது மறைக்கலாகாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உச்சுவாடிச் சிறுவன் வறியவன், ஐயமில்லை. ஆனால் வறுமையே அவனுடைய தடை. பிறப்பு அவனுக்குத் தடையாயிருக்கவில்லை. தாசில்தார் அவனை அலுவலகத்துள் அழைக்கலாம்; பள்ளிப் பலகையில் உட்காரவைக்கலாம். தெருவிளக்கின் கீழ் அவன் அமர்ந்து படித்தபோது, 'இத்தெருவில் நீ வரலாகாது' என்று எவரும் விரட்டவில்லை. அதே தலைமுறையில் வடஆர்க்காட்டுச் சேரிகளில் பிறந்த கூரிய சிறுவர் எத்தனைபேர், விளக்கு எரியும் தெருவிற்குள்ளேயே நுழைய இயலாமல் போயினர்? அவர்களின் பிள்ளைகளே பின்னர் இங்கு வந்து சுரங்கத்தில் இறங்கினர். மெழுகுவத்தி விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, தம் விளக்கைத் தாமே சுமந்தனர். அவர்கள் இங்கு எழுப்பிய அறிவு இயக்கம் சிறிதன்று. அயோத்திதாச பண்டிதரின் பௌத்தச் சங்கம் 1907ஆம் ஆண்டளவிலேயே மாரிகுப்பத்தில் வேரூன்றியது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்தபின், பின்னொரு காலத்தில் ஜி. அப்பாதுரையாரின் பொறுப்பில் இத்தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. கோர்ட்டின் கதவு எட்டாதவர்கள் அச்சு இயந்திரத்தை எட்டிப் பிடித்தனர்.

அவர்கள் புறப்பட்டு வந்த வழியிலேயே ஜோலார்ப்பேட்டை உள்ளது. தென்னகத்து ரயில்கள் பிரியும் அச்சந்திப்பில், மூட்டை முடிச்சுடன் வண்டி மாறிக் காத்திருந்த நம் பாட்டன்மாரின் தொகையை யார் எண்ணினார்? அவ்வூரில் 1920இல், தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில், ஏ. வரதராஜன் பிறந்தார். திருப்பத்தூரிலும் வேலூரிலும் சென்னையிலும் பயின்றார். திருப்பத்தூரில் வழக்கறிஞராகப் பணியாற்றியபின் 1949இல் மாவட்ட முன்சீப் ஆனார். முத்துசாமி ஐயர் தரங்கம்பாடியில் கால்வைத்த அதே முதற்படி. இடையில் 93 ஆண்டுகள். அதன்பின் துணை நீதிபதி, மாவட்ட நீதிபதி எனப் படி தவறாமல் ஏறி, 1973இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1980 டிசம்பரில் புதுதில்லியில் உச்சநீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார். தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து அப்பீடம் ஏறிய முதல்வர் அவரே. அச்செய்தி வந்த நாளில், ஜோலார்ப்பேட்டையிலிருந்து பங்காருபேட்டை நோக்கிச் சென்ற வண்டியில் தங்கவயலுக்கு வேலைக்குத் திரும்பிய நம்மவர் பலர் இருந்திருப்பர். சுரங்கங்கள் அன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. 2001 பிப்ரவரி வரை ஓடின.